டோக்கன் விற்பனைக்குப் பணம் அனுப்பும் முன்: போலித் திட்டங்களைக் கண்டுபிடிக்கும் முறை

ஓய்வு பெற்ற என் மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஓட்டல் ஹால் ஒன்றில் நடந்த கூட்டத்தில் கொடுத்ததாகச் சொல்லி வழவழப்பான கையேடு ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். புதிய கிரிப்டோ நாணயம் ஒன்று விரைவில் சந்தைக்கு வரவிருப்பதாகவும், அதற்கு முன்பே டோக்கன் (அந்த நாணயத்தின் கணினி அலகு) வாங்குவோருக்கு ஐந்தில் ஒரு பங்கு விலைதான் என்றும் அதில் அச்சிட்டிருந்தார்கள். "மாப்ள, கவர்மென்ட் சர்டிபிகேட்டே இருக்கு பாரு" என்று கடைசிப் பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். அங்கே இருந்தது ஜிஎஸ்டி பதிவுச் சான்றிதழ். எங்கள் தெருமுனைப் பாத்திரக் கடையிலும் அதே சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள்.

அன்று இரண்டு மணி நேரம் உட்கார்ந்து அந்தத் திட்டத்தைச் சோதித்த முறையையே இங்கே எழுதுகிறேன். இதற்குக் கணினிப் படிப்பு தேவையில்லை. ஒரு விதியை விடாமல் பிடித்துக்கொண்டால் போதும்: திட்டத்தார் யாரைச் சாட்சிக்கு அழைக்கிறார்களோ அவரிடமே நேரே போய்க் கேட்க வேண்டும், அதுவும் திட்டத்தார் கொடுத்த இணைப்பின் வழியாக அல்லாமல், நாமாகத் தேடிக் கண்டுபிடித்த வழியில் கேட்க வேண்டும்.

சாட்சிகளைத் தேடிப் போவது

இந்த விதியின் அருமை சென்ட்ரா டெக் வழக்கைப் பார்த்தால் விளங்கும். அமெரிக்காவின் புளோரிடாவிலிருந்து இயங்கிய இந்த நிறுவனம் 2017ஆம் ஆண்டில் டோக்கன் விற்று 2.5 கோடி டாலருக்கும் மேல் திரட்டியது. கிரிப்டோ நாணயத்தைக் கடைகளில் செலவழிக்க உதவும் அட்டை ஒன்றை விசா, மாஸ்டர்கார்டு நிறுவனங்களின் துணையோடு வெளியிடுவதாகச் சொன்னார்கள். ஹார்வர்டில் படித்த, 20 ஆண்டு வங்கி அனுபவமுள்ள மைக்கேல் எட்வர்ட்ஸ் என்பவர் தலைமை அதிகாரி என்று இணையதளத்தில் படத்துடன் போட்டிருந்தார்கள். குத்துச்சண்டை வீரர் ஃப்ளாய்ட் மேவெதரும் இசைத் தயாரிப்பாளர் டிஜே காலிதும் சமூக வலைத்தளங்களில் பரிந்துரைத்தார்கள். உண்மையில் விசாவுடனும் மாஸ்டர்கார்டுடனும் எந்த ஒப்பந்தமும் இல்லை. மைக்கேல் எட்வர்ட்ஸ் என்று ஒருவர் பிறக்கவே இல்லை. பரிந்துரைத்த இருவருக்கும் முறையே 1 லட்சம் டாலரும் 50 ஆயிரம் டாலரும் கூலியாகப் போயிருந்தன, அதை அவர்கள் வெளியே சொல்லவும் இல்லை. 2018 ஏப்ரலில் அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையம் வழக்குத் தொடுத்தது; நிறுவனர்களில் ஒருவருக்கு 2021இல் 8 ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது.

இதில் முதலீட்டாளர்கள் ஏமாந்த ஒவ்வொரு செய்தியும் வெளியிலிருந்தே சரிபார்க்கக்கூடியது என்பதைக் கவனிக்க வேண்டும். விசாவுக்கு ஒரு மின்னஞ்சல், ஹார்வர்டு பெயரோடு சேர்த்து ஒரு தேடல், இவ்வளவுதான் வேலை. ஆகவே கையேட்டையோ இணையதளத்தையோ எடுத்துக்கொண்டு, அதில் வரும் மூன்றாம் தரப்புப் பெயர்களை எல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: கூட்டாளி நிறுவனங்கள், வங்கிகள், தணிக்கை செய்தவர்கள், டோக்கனைப் பட்டியலிடப் போவதாகச் சொல்லப்படும் எக்ஸ்சேஞ்சுகள் (கிரிப்டோ வாங்கி விற்கும் சந்தைத் தளங்கள்), செய்தி வெளியிட்ட பத்திரிகைகள். ஒவ்வொருவரின் அதிகாரப்பூர்வத் தளத்திலும் இந்தத் திட்டத்தின் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். பெரிய நிறுவனத்துடன் கூட்டு என்று சின்ன நிறுவனம் மட்டும் சொல்லிக்கொண்டு, பெரிய நிறுவனம் அதைப் பற்றி ஒரு வரியும் சொல்லவில்லை என்றால், அந்தப் பெயரைத் தாளில் அடித்துவிடுங்கள். கிளவுட் சேவைக்கு மாதச் சந்தா கட்டுவதையே "அமேசானுடன் கூட்டு" என்று எழுதும் வழக்கமும் உண்டு. என் மாமாவின் கையேட்டிலும் அது இருந்தது.

அடுத்தது ஆட்கள். குழுவினரின் படங்களை ஒவ்வொன்றாகச் சேமித்து, கூகுள் லென்ஸ் அல்லது டின்ஐ போன்ற படத் தேடலில் போட்டுப் பாருங்கள். 2018இல் மிரோஸ்கி என்ற டோக்கன் திட்டம் தன் வரைகலைஞர் என்று காட்டிய படம் ஹாலிவுட் நடிகர் ரையன் காஸ்லிங்குடையது. இன்று அவ்வளவு அசட்டுத்தனமாக யாரும் செய்வதில்லை. கணினி உருவாக்கிய முகங்களை வைக்கிறார்கள், அவை தேடலில் சிக்காது. எனவே படம் எங்கும் கிடைக்கவில்லை என்பதாலேயே ஆள் உண்மையானவர் என்று முடிவுகட்ட வேண்டாம். அந்த மனிதருக்கு இந்தத் திட்டத்துக்கு முன்பு ஒரு வாழ்க்கை இருந்திருக்க வேண்டும்: பழைய வேலை, பழைய சக ஊழியர்கள், ஏதாவது மாநாட்டில் பேசிய காணொளி. லிங்க்ட்இன் பக்கம் மூன்று மாதத்துக்கு முன்புதான் தொடங்கப்பட்டது, இணைப்பில் இருப்பவர்கள் எல்லோரும் அதே திட்டத்தார் என்றால் அது நாடக மேடைத் திரை.

இணையதளத்தின் பெயர் எப்போது பதிவானது என்பதை ஹூயிஸ் தேடலில் ஒரு நிமிடத்தில் பார்க்கலாம். "2019 முதல் சேவையில்" என்று முகப்பில் பெரிய எழுத்தில் போட்டுக்கொண்ட தளம் ஆறு வாரத்துக்கு முன் பதிவாகியிருந்ததை அன்று மாலை பார்த்தோம். மாமா அப்போதுதான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஒயிட் பேப்பரைப் படிப்பது

திட்டம் என்ன செய்யப் போகிறது, பணம் எதற்குச் செலவாகும், டோக்கன்களை யாருக்கு எவ்வளவு பிரிப்பார்கள் என்று விளக்கும் ஆவணமே ஒயிட் பேப்பர். வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழ் 2018இல் 1,450 டோக்கன் திட்டங்களின் ஆவணங்களை ஆராய்ந்தபோது, 271 திட்டங்களில் பிறர் ஆவணத்தைத் திருடி ஒட்டியது, போலி நிர்வாகிகள், உறுதியான லாபம் தருவதாக வாக்களித்தது போன்ற எச்சரிக்கைக் குறிகளைக் கண்டது. ஆவணத்தின் நடுவிலிருந்து நீளமான ஒரு வாக்கியத்தை எடுத்து மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினால் திருட்டு பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும். திருடாத ஆவணத்திலும் ஒரு கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்: இந்த வேலைக்குச் சொந்தமாக ஒரு டோக்கன் எதற்கு? காய்கறி விநியோகம், சுற்றுலா முன்பதிவு, பல் மருத்துவம் என்று எதை எடுத்தாலும் ரூபாயில் நடக்கிற வேலைக்குத் தனி நாணயம் தேவைப்படுவதற்கான காரணம் ஆவணத்தில் இல்லையென்றால், டோக்கனை விற்பதுதான் அவர்கள் செய்யும் தொழில்.

லாபக் கணக்கைச் சொல்லும் பக்கத்தை விரல் வைத்துப் படியுங்கள். பிட்கனெக்ட் என்ற கிரிப்டோ திட்டம் மாதம் 40 சதவீதம் வரை ஆதாயம் என்றது. தானியங்கி வர்த்தக மென்பொருள் அதை ஈட்டித் தரும் என்றது. அந்த வேகத்தில் ஆதாயத்தையும் அப்படியே போட்டு வைத்தால் 1 லட்சம் ரூபாய் ஓராண்டில் 56 லட்சத்தைத் தாண்டும். அப்படியொரு மென்பொருள் கையில் இருப்பவன் ஓட்டல் ஹாலுக்கு வாடகை கொடுத்து நம்மிடம் ஏன் பணம் கேட்கிறான்? டெக்சாஸ் மாநில அதிகாரிகள் 2018 ஜனவரி 4 அன்று தடை ஆணை பிறப்பித்த இரண்டு வாரத்துக்குள் பிட்கனெக்ட் இந்த ஆதாயத் திட்டத்தை மூடியது. 200 கோடி டாலர் அளவுக்கு மோசடி நடந்ததாக அமெரிக்க ஆணையம் பின்னர் குற்றம் சாட்டியது. நம் நாட்டின் கெயின்பிட்காயின் திட்டம் அவ்வளவு பேராசை காட்டவில்லை, மாதம் 10 சதவீதம் 18 மாதத்துக்கு என்றது. அளவு குறைவாக இருந்ததாலேயே படித்தவர்கள் பலர் நம்பினார்கள் என்று நினைக்கிறேன்.

ஆள் சேர்த்தால் கமிஷன், அவர் சேர்த்தவருக்கும் கமிஷன் என்று கிளை பிரியும் வரைபடம் ஆவணத்தில் இருந்தால் மேலே படிக்க வேண்டியதில்லை. இந்தியாவில் பணச் சுழற்சித் திட்டங்களை 1978ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. டோக்கன் என்று பெயர் மாற்றுவதால் தொழில் மாறிவிடாது. ஒன்காயின் என்ற திட்டம் இந்த வழியில்தான் உலகம் முழுவதும் 400 கோடி டாலர் வாரியது. அதற்கு உண்மையான பிளாக்செயின்கூட (பரிவர்த்தனைகளைப் பல கணினிகளில் பதியும் பொதுப் பேரேடு) இருக்கவில்லை. அதன் தலைவி ருஜா இக்னடோவா 2017 அக்டோபரில் பல்கேரியாவின் சோபியாவிலிருந்து ஏதென்ஸுக்கு விமானம் ஏறியவர், அதன் பிறகு பொது வெளியில் காணப்படவில்லை.

டோக்கனின் உள்ளே பார்ப்பது

டோக்கன் ஏற்கெனவே எத்தீரியம், பிஎன்பி செயின் போன்ற பிளாக்செயினில் வெளியாகியிருந்தால், அதன் கான்ட்ராக்ட் (டோக்கனை இயக்கும் நிரல்) முகவரியை ஈத்தர்ஸ்கேன், பிஎஸ்சிஸ்கேன் போன்ற தளத்தில் ஒட்டினால் பரிவர்த்தனைகள் அனைத்தும் திறந்த புத்தகமாகக் கிடைக்கும். முதலில் கான்ட்ராக்ட் பகுதியில் மூல நிரல் வெளியிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெளியிடாத டோக்கனை அங்கேயே விட்டுவிடலாம். வெளியிட்டிருந்தால் பச்சை நிறச் சரிக்குறி தெரியும். ஆனால், காட்டும் நிரலும் ஓடும் நிரலும் ஒன்றே என்பதற்கு மேல் அந்தக் குறிக்குப் பொருள் இல்லை. அதில் நல்லது இருக்கிறதா நஞ்சு இருக்கிறதா என்று அது சொல்லாது. நிரல் படிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் மூன்றை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்: உரிமையாளர் நினைத்தபோது புதிய டோக்கன் அச்சடிக்க முடியுமா, குறிப்பிட்ட வாலட் (டோக்கனை வைத்திருக்கும் கணக்கு) விற்பதைத் தடுக்க முடியுமா, விற்பனைக்கான கட்டணத்தை விருப்பம்போல் உயர்த்த முடியுமா.

விற்க முடியாத டோக்கனுக்குப் பாடநூல் உதாரணம் 2021இல் ஸ்க்விட் கேம் தொடரின் பெயரைச் சொல்லி வந்த டோக்கன். நெட்ஃபிளிக்ஸுக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. அக்டோபர் இறுதியில் ஒரு சென்ட் அளவில் தொடங்கி நவம்பர் 1 அன்று 2,861 டாலரைத் தொட்டு, சில நிமிடங்களில் பூஜ்ஜியத்தை ஒட்டி விழுந்தது. உருவாக்கியவர்கள் 30 லட்சம் டாலருக்கும் மேல் எடுத்துக்கொண்டு மறைந்தார்கள். விலை ஏறியபோது வாங்கியவர்கள் பலரால் விற்க முடியவில்லை. வாங்கும் கதவு திறந்திருக்க, விற்கும் கதவு பூட்டியிருந்தது. ஏறிக்கொண்டே போகும் வரைபடத்தை மட்டும் பார்க்கக் கூடாது, பரிவர்த்தனைப் பட்டியலில் சாதாரண வாலட்டுகள் விற்றிருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

பிறகு லிக்விடிட்டி, அதாவது வாங்கவும் விற்கவும் சந்தையில் போட்டு வைத்திருக்கும் பணம். யூனிஸ்வாப், பேன்கேக்ஸ்வாப் போன்ற பரிமாற்றத் தளங்களில் திட்டத்தார் தங்கள் டோக்கனையும் அதற்கு ஈடாக ஈத்தர் போன்ற மதிப்புள்ள நாணயத்தையும் ஒரே தொட்டியில் போட்டு வைக்கிறார்கள். நாம் வாங்கும்போது நம் ஈத்தர் தொட்டிக்குள் போய், அவர்களின் டோக்கன் வெளியே வருகிறது. தொட்டியின் சாவி எல்பி டோக்கன் வடிவில் இருக்கும். அதை வைத்திருப்பவர் ஒரே நொடியில் ஈத்தரை எல்லாம் இறைத்துக்கொண்டு போகலாம், ரக் புல் என்பது அதுதான். எல்பி டோக்கன் திட்டத்தாரின் வாலட்டில் இருக்கிறதா, கெடு முடியும் வரை யாரும் எடுக்க முடியாத பூட்டு கான்ட்ராக்டில் இருக்கிறதா என்று ஸ்கேன் தளத்திலேயே தெரியும். பூட்டின் கெடு தேதியையும் பாருங்கள். முப்பது நாள் பூட்டு என்பது முப்பதாம் நாள் மோசடிக்கான முன்பதிவு.

ஸ்கேன் தளத்தின் ஹோல்டர்ஸ் (டோக்கன் வைத்திருப்போர்) பட்டியலில் தொட்டியையும் எக்ஸ்சேஞ்சையும் பூட்டு கான்ட்ராக்டையும் தவிர்த்துவிட்டு, மேலே உள்ள பத்து வாலட்டுகள் எவ்வளவு வைத்திருக்கின்றன என்று கூட்டிப் பாருங்கள். ஒரே ஆள் ஐம்பது வாலட்டாகப் பிரித்து வைப்பதும் உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் ஒரே முகவரியிலிருந்து கட்டணப் பணம் வந்திருந்தால் ஐம்பதும் ஒரு கைதான். தணிக்கை அறிக்கை இருக்கிறது என்றால், தணிக்கையாளரின் தளத்தில் அந்த அறிக்கையைத் தேடி, அதில் உள்ள கான்ட்ராக்ட் முகவரியும் விற்கப்படும் டோக்கனின் முகவரியும் ஒன்றா என்று எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள்.

நம் ஊர்க் காகிதங்கள்

நிறுவனப் பதிவுச் சான்றிதழ், ஜிஎஸ்டி எண், பான் அட்டை ஆகியவை ஒருவர் தொழில் தொடங்கியிருக்கிறார் என்பதை மட்டுமே சொல்கின்றன. பொதுமக்களிடம் பணம் வாங்க அவை உரிமம் அல்ல. 2022 முதல் கிரிப்டோ ஆதாயத்துக்கு 30 சதவீத வரியும், பரிவர்த்தனைக்கு 1 சதவீதப் பிடித்தமும் இருப்பதைக் காட்டி "அரசே ஏற்றுக்கொண்டுவிட்டது" என்பார்கள். வரி விதிப்பது வேறு, ஒப்புதல் தருவது வேறு. 2023 மார்ச் முதல் எக்ஸ்சேஞ்சுகள் நிதி உளவுப் பிரிவில் பதிவு செய்ய வேண்டும் என்ற விதியும் கறுப்புப் பணத்தைக் கண்காணிப்பதற்கானது. எந்த டோக்கனுக்கும் அது நற்சான்று தரவில்லை. உறுதியான வட்டி சொல்லி வைப்புத்தொகை வாங்குகிறார்கள் என்று தெரிந்தால், ரிசர்வ் வங்கி நடத்தும் சசேத் தளத்தில் தேடலாம், புகாரும் அளிக்கலாம்.

கையைப் பழக்கிக்கொள்ள நல்ல பாடம் ஒன்று உண்டு. அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையமே 2018 மே மாதம் ஹௌயிகாயின்ஸ் என்ற போலி டோக்கன் தளத்தை வேண்டுமென்றே உருவாக்கியது. பிரபலங்களின் பரிந்துரை, தள்ளுபடி, ஓடும் கடிகாரம், ஒயிட் பேப்பர் எல்லாம் இருந்தன. வாங்கும் பொத்தானை அழுத்தினால் முதலீட்டாளர் கல்விப் பக்கம் திறந்தது. ஓர் அரசு அலுவலகமே அப்படியொரு கடையை விரிக்க முடிந்ததென்றால், பளபளப்பு எவ்வளவு மலிவு என்று எண்ணிக்கொள்ளலாம்.

கடைசியாக ஒரு சோதனை. திட்டத்தின் டெலிகிராம் குழுவில் மரியாதையாக ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள். எல்பி டோக்கன் எந்த முகவரியில் பூட்டப்பட்டிருக்கிறது என்று என் மாமாவின் போனிலிருந்து கேட்டோம். முதலில் ராக்கெட் படங்கள் வரிசையாக வந்தன. நான்கு நிமிடத்தில் கேள்வி அழிந்தது, ஆறாவது நிமிடத்தில் மாமா குழுவிலிருந்து நீக்கப்பட்டிருந்தார். சிறு தொகை போட்டுத் திரும்ப எடுத்துப் பார்க்கலாமே என்று அவர் அதற்குப் பிறகும் கேட்டார். முதல் தொகையை மறுநாளே லாபத்தோடு திருப்பித் தருவது இந்தத் தொழிலின் தூண்டில் செலவு, அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்று சொன்னேன்.

ஏற்கெனவே பணம் போட்டுவிட்டவர்கள் 1930 என்ற எண்ணில் உடனே அழைத்து, தேசிய சைபர் குற்றத் தளத்திலும் புகாரைப் பதிய வேண்டும். பரிவர்த்தனையின் ஹாஷ் எண் (அதன் அடையாள எண்), வாலட் முகவரி, உரையாடல்களின் படங்கள் ஆகியவற்றை அழிக்காமல் வையுங்கள். சில நாள் கழித்து, போன பணத்தை மீட்டுத் தருவதாக யாராவது தானாக வந்து கட்டணம் கேட்டாலோ, வாலட்டைத் திறக்கும் 12 இரகசியச் சொற்களைக் கேட்டாலோ, அவர்களிடம் உங்கள் எண்ணைக் கொடுத்தது முதலில் ஏமாற்றிய கும்பலாகவே இருக்கக்கூடும்.