கலம் புரதத்தை உடைப்பது எப்படி: உயர்தரப் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புரத்தியேசு என்றால் என்ன என்று கேட்டால், ஹட்டனிலோ தலவாக்கலையிலோ பண்டாரவளையிலோ உயர்தர உயிரியல் படிக்கும் எந்தப் பிள்ளையும் 'புரதத்தை அமினோ அமிலமாக உடைக்கும் நொதியம்' என்று சட்டென்று எழுதிவிடும். அது சரிதான், ஆனால் அதோடு நின்றுவிடுவதால்தான் மற்றப் புள்ளிகள் எல்லாம் போகின்றன. கலத்தின் முக்கால்வாசி வேலையைச் செய்வதே புரதங்கள், அவற்றை வெட்டும் நொதியமும் அதே கலத்துக்குள்தான் இருக்கிறது, அப்படியிருந்தும் கலம் தன்னைத் தானே தின்று தீர்க்காமல் இருப்பது எப்படி? இதைக் கேட்டுக்கொண்டே படித்தால் பாதித் தவறுகள் வராது.

அதிகமாகக் காணும் தவறு, எல்லாப் புரதமும் கலத்தின் செரிமானப் பையான இலைசோசோமில்தான் உடைகிறது என்று எழுதுவது. இலைசோசோமுக்கும் பெரிய பங்கு உண்டு. வெளியிலிருந்து கலம் விழுங்கியவை, பழுதான புன்னங்கங்கள் எல்லாம் அங்கேதான் போகின்றன. அங்குள்ள கதெப்சின்கள் என்ற புரத்தியேசுகள் பிஎச் 4.5 முதல் 5 வரையான அமிலச் சூழலில் நன்றாக வேலை செய்யும், வெளியே குழியவுருவில் பிஎச் 7.2 அளவில் இருப்பதால் கொஞ்சம் கசிந்தாலும் பெரும்பாலானவை மந்தமாகிவிடும். சவ்வு ஒரு காவல், பிஎச் இன்னொரு காவல். ஆனால் குழியவுருவிலும் கருவிலும் இருக்கும் புரதங்களில் பெரும்பகுதி உடைவது புரோட்டியசோம் என்ற பெரிய புரதத் தொகுதியில். இதை விட்டுவிட்டால் விடை அரைகுறைதான்.

புரோட்டியசோமை நிதானமாகப் படியுங்கள், இந்தப் பாடத்தின் அழகே அதில்தான் இருக்கிறது. பீப்பாய் வடிவம், வெட்டும் இடங்கள் முழுக்க உட்புறத்தில், வாசலோ மிகக் குறுகல். மடிந்திருக்கும் சாதாரணப் புரதம் தற்செயலாக உள்ளே போகவே முடியாது. உடைக்க வேண்டிய புரதத்தில் முதலில் யுபிக்குயிட்டின் என்ற சிறிய புரதத்தை, 76 அமினோ அமிலம் மட்டும் கொண்டது, கலம் சங்கிலியாகக் கோர்க்கும்; கோர்ப்பதற்கும் தனி நொதியங்கள் உண்டு. அந்த அடையாளத்தைப் பார்த்துத்தான் புரோட்டியசோம் பிடிக்கிறது, மடிப்பை அவிழ்க்கிறது, உள்ளே இழுக்கிறது. இதைக் கண்டுபிடித்ததற்குத்தான் ஆரோன் சிகானோவர், அவ்ராம் ஹெர்ஷ்கோ, எர்வின் ரோஸ் மூவருக்கும் 2004இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இங்கேயே மூன்று தவறுகள் ஒளிந்திருக்கின்றன. யுபிக்குயிட்டின் புரதத்தை வெட்டுகிறது என்று எழுதாதீர்கள், அது அடையாளம் மட்டும்தான், வெட்டு தொடங்கும் முன் கழற்றப்பட்டு மறுபடி பயன்படும். அமினோ அமிலங்களை இணைக்கும் பெப்ரைட்டுப் பிணைப்பை உடைக்க, கலத்துக்குச் சக்தி தரும் ஏடிபி தேவை என்றும் எழுதாதீர்கள். அந்த உடைப்பு வெறும் நீர்ப்பகுப்பு. வயிற்றில் பெப்சின் ஏடிபி இல்லாமலேதான் வெட்டுகிறது; புரோட்டியசோமில் ஏடிபி செலவாவது அடையாளம் கோர்க்கவும் மடிப்பை அவிழ்த்து உள்ளே தள்ளவும். அப்புறம், புரோட்டியசோமிலிருந்து நேரே அமினோ அமிலம் வராது, சிறு பெப்ரைட்டுத் துண்டுகள்தான் வரும், மிச்சத்தை வேறு பெப்ரிடேசுகள் முடிக்கும்.

வந்த அமினோ அமிலம் கழிவு என்று நினைப்பதும் தப்பு. வளர்ந்த ஒருவரின் உடலில் நாளொன்றுக்குச் சுமார் 250 முதல் 300 கிராம் புரதம் உடைந்து மறுபடி கட்டப்படுகிறது, நாம் சாப்பிடும் புரதத்தைவிட இது பல மடங்கு. பெரும்பகுதி பழையதிலிருந்து எடுத்துப் புதியதைக் கட்டுவதுதான்.

சதையி திரிப்சின் என்ற புரத்தியேசைச் சுரக்கிறது என்று எழுதுவோர், திரிப்சினோசன் என்று எழுதப் பழகுங்கள். வெட்டாத வடிவில் சுரந்து, சிறுகுடலில் என்ரரோபெப்ரிடேசு என்ற நொதியம் தொட்ட பிறகுதான் அது திரிப்சின் ஆகிறது. சதையிக்குள்ளேயே விழித்துக்கொண்டால் சதையியையே செரிக்கத் தொடங்கும், அது உயிராபத்தான நோய்.

முட்டையை அவிப்பதும் புரதத்தை வெட்டுவதும் ஒன்றல்ல. அவிக்கும்போது மடிப்புதான் குலைகிறது, பெப்ரைட்டுப் பிணைப்பு அப்படியே இருக்கும். பல்தேர்வு வினாவில் இதில்தான் பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள்.

தோட்டத்துப் பிள்ளைகள் கட்டாயம் கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. பறித்த கொழுந்தை ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வாட்டப் போடும்போது அதன் கலங்கள் உடனே செத்துவிடுவதில்லை. இலையின் சொந்தப் புரத்தியேசுகள் புரதங்களை உடைக்கின்றன, சுயாதீன அமினோ அமிலம் கூடுகிறது, தேயிலையின் மணத்துக்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் ரோலரில் அரைபட்ட பிறகு பச்சை செம்பாக மாறுவது புரத்தியேசின் வேலையல்ல. அது பொலிபீனோல் ஒட்சிடேசு என்ற வேறு நொதியம், இலையிலுள்ள கட்டெச்சின்கள் என்ற பொலிபீனோல்களை ஒட்சிசனோடு சேர்த்து மாற்றுகிறது. அதில் ஒரு பெப்ரைட்டுப் பிணைப்பும் உடைவதில்லை. இரண்டையும் கலந்து எழுதாதீர்கள்.

கடைசியாகச் செய்முறை. நுவரெலியாப் பக்கத்தில் ஆய்வுகூடம் 16 பாகை அளவில் குளிர்ந்து கிடக்கும். பால்மாக் கரைசலில் திரிப்சின் விட்டுப் பார்த்துவிட்டு, வெண்மை போகவில்லை, நொதியம் கெட்டுவிட்டது என்று எழுதிவிடுகிறார்கள். கெடவில்லை, வேகம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். பத்துப் பாகைக்கு வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்று கணக்குப் போட்டால் 37 பாகையோடு பார்க்க நாலில் ஒரு பங்குதான் வரும். அதே சோதனைக் குழாயை 37 பாகை வெந்நீரில் நிறுத்துங்கள், கண்ணெதிரே தெளியத் தொடங்கும். அதிகம் சூடாக்கினால் நொதியத்தின் வடிவம் குலையும், குளிரில் குலையாது. வெந்நீரில் வைத்தும் மங்கலாகவே இருந்தால் பால்மாப் பக்கெட்டைப் பாருங்கள், முழு ஆடைப் பால்மா என்றால் பாலின் புரதமான கேசின் உடைந்த பிறகும் கொழுப்பு மங்கலாகவே மிதக்கும். இந்தச் சோதனைக்கு ஆடை நீக்கிய பால்மாதான் வேண்டும்.