பள்ளிக்குப் போலீஸ் வந்தால் ஹெச்.எம்.மும் பெற்றோரும் சறுக்கும் இடங்கள்

மூன்றாவது பீரியட் நடுவில் ஒரு பையனைக் கூப்பிட்டு அனுப்புகிறார்கள், ஹெச்.எம். அறையில் எஸ்.ஐ. உட்கார்ந்திருக்கிறார், வீட்டுக்கு விஷயம் தெரிவதோ சாயங்காலம் அவன் முகம் வாடி வந்து நிற்கும்போதுதான். "ரெண்டே கேள்விதானே, அவங்க அம்மாவை எதுக்குப் பதற வைக்கணும்" என்று ஹெச்.எம். நினைக்கிறாரே, அதுதான் முதல் தவறு. போலீஸ் கிளம்பிய பிறகு சொல்வது தகவல் இல்லை, சமாதானம்.

அடுத்தது, பிள்ளையை எந்த வகையில் விசாரிக்கிறார்கள் என்று யாரும் கேட்காமல் விடுவது. குற்றம் செய்ததாகச் சந்தேகமா, சாட்சியா, பாதிக்கப்பட்ட பிள்ளையா? மூன்றுக்கும் விதி வேறு.

சந்தேகம் என்றால் 2015 இளைஞர் நீதிச் சட்டம். பிள்ளையைப் பிடித்தால் பெற்றோருக்குச் சொல்ல வேண்டியது போலீஸின் கடமை, 24 மணி நேரத்துக்குள் பிள்ளைகள் மீதான வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தியாக வேண்டும், லாக்கப் கூடவே கூடாது. அந்தச் சட்டத்துக்கான 2016 மாதிரி விதிகளின்படி விசாரணையின்போது பெற்றோர் உடன் இருக்கலாம், குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லி வற்புறுத்தக் கூடாது, வாக்குமூலத்தில் பிள்ளையிடம் கையெழுத்தும் கேட்கக் கூடாது. ஆனால் நடப்பது என்ன? பதறி ஓடி வரும் அப்பாவே "சொல்றதைச் சொல்லிட்டுக் கையெழுத்துப் போட்டுட்டு வாடா, விட்டுடுவாங்க" என்கிறார்.

யூனிஃபார்ம் விஷயத்தையும் லேசாக விடாதீர்கள். 2020 ஜனவரியில் கர்நாடகத்தின் பீதரில், குடியுரிமைத் திருத்தச் சட்டம் பற்றிய ஒரு பள்ளி நாடகத்துக்காகத் தேசத்துரோக வழக்குப் போட்டுப் பிள்ளைகளை விசாரித்தார்கள். சீருடையில், ஆயுதத்தோடு போலீஸ் அங்கே இருந்தது விதிமீறல் என்று அடுத்த ஆண்டு கர்நாடக உயர் நீதிமன்றம் சொன்னது. பிள்ளைகளிடம் பேச வரும் போலீஸ் கூடியவரை சாதாரண உடையில்தான் வர வேண்டும்.

சாட்சி என்றால், 15 வயதுக்குட்பட்ட பையனையும் எந்த வயதுப் பெண்ணையும் வீட்டைத் தவிர வேறு இடத்துக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 160-வது பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 179-வது பிரிவு. விருப்பப்பட்டால் ஸ்டேஷனுக்குப் போகலாம் என்று புதிய சட்டத்தில் ஒரு வரி சேர்ந்திருக்கிறது, அதனால் "சும்மா ஒரு நிமிஷம் வந்துட்டுப் போங்க" என்பதற்கு யோசிக்காமல் தலையாட்டினால் அது உங்கள் விருப்பமாகிவிடும். "வீட்டுக்கே வாங்க சார்" என்று தன்மையாகச் சொன்னால் போதும், கேட்டில் நின்று சத்தம் போட வேண்டியதில்லை.

பிள்ளை பாதிக்கப்பட்டது பாலியல் குற்றத்தில் என்றால், அதாவது போக்சோ சட்ட வழக்கில்தான், கவனம் அதிகம் தேவை. வாக்குமூலம் பெற்றோர் முன்னிலையில், அல்லது பிள்ளை நம்பும் வேறொருவர் முன்னிலையில் என்கிறது சட்டம். அந்த "அல்லது" காரணத்தோடுதான் இருக்கிறது: குற்றம் சாட்டப்படுபவர் வீட்டுக்குள்ளேயே இருந்தால்? விதி என்று சொல்லி முதலில் அவருக்கே போன் அடித்துவிடாதீர்கள், யார் கூட இருக்க வேண்டும் என்று பிள்ளையைக் கேளுங்கள், அது டீச்சராகவும் இருக்கலாம். உதவிக்குக் குழந்தைகள் ஹெல்ப்லைன் 1098 இருக்கிறது. இலவச வக்கீல் வேண்டுமென்றால் 15100.

அப்புறம் வாட்ஸ்அப். போலீஸ் ஜீப் கண்ணிலிருந்து மறைவதற்குள் வகுப்புக் குரூப்பில் பிள்ளையின் பெயர் வந்துவிடுகிறது, சில நேரம் போட்டோவோடு. வழக்கில் தொடர்புள்ள பிள்ளையின் அடையாளத்தை வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பகிர்ந்தவர் அதே வகுப்புப் பிள்ளையின் அம்மா என்பதெல்லாம் விலக்கு ஆகாது.