தொட்டியைக் கடைசியாக வாங்குங்கள்: வீட்டில் பெரிய ரீஃப் அக்வேரியம் அமைக்கும்போது நடக்கும் தவறுகள்

ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். பவளமும் கடல் மீனும் வளர்க்கும் பெரிய ரீஃப் தொட்டி வைக்கலாம் என்று ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் இந்த அளவில்தான் வந்து நிற்பார்கள். சென்னையில் அலங்கார மீன் கடைகள் நிறைந்த கொளத்தூர் பக்கம் போய் விலை கேட்டு, அட்வான்ஸ் கொடுத்து, கண்ணாடியும் வெட்டியான பிறகுதான் கீழே வைக்கும் துணைத் தொட்டியான சம்ப் எங்கே நிற்கும், நீரைக் குளிர்விக்கும் சில்லர் கக்கும் சூடு எங்கே போகும், இத்தனை தண்ணீருக்கு என்ன வழி என்று யோசிக்கத் தொடங்குகிறார்கள். பின்னால் வரும் தொல்லைகளில் பாதிக்கு இந்த வரிசைதான் காரணம். எதை வளர்க்கப் போகிறோம் என்பது முதலில். அடுத்து தண்ணீர், வெப்பம், கரண்ட். பிறகு சம்ப். தொட்டி கடைசியில். கீழே வரும் கணக்கெல்லாம் இந்த 6×2×2 தொட்டிக்கும், சென்னை மாதிரியான கடலோர ஊருக்கும் போட்டவை.

சட்டம் தெரியாமல் பவளம் வாங்குவது

யூடியூப்பில் வெளிநாட்டுக்காரர்களின் தொட்டியைப் பார்த்து அதே பவளங்களை இங்கே வைக்க நினைப்பது ஆபத்து. ரீஃபைக் கட்டும் கடினப் பவளங்கள், கரும்பவளம், தீப்பவளம், கடல்விசிறி இவையெல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே அட்டவணைதான். குற்றம் உறுதியானால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. கடல் குதிரை, கடல் அட்டை, பெரிய இரட்டை ஓட்டுச் சிப்பிகள் ஆகியவற்றுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. செத்து வெளுத்த பவள எலும்புக்கூடு என்றால் பரவாயில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. இராமேஸ்வரம் பக்கம் யாராவது "அலங்காரக் கல்" என்று நீட்டினால் அதைத் தொடாமல் வருவதே நல்லது. மன்னார் வளைகுடாவிலிருந்து எடுத்த, உயிர்கள் ஒட்டிய பாறையான 'லைவ் ராக்'கும் இதே கதைதான்.

மீதி இருப்பவை சொஆந்திட்கள், மஷ்ரூம்கள், லெதர் பவளம் போன்ற மென்பவளங்கள். மேலே சொன்ன பட்டியலில் இவை இல்லை. இருந்தாலும் எங்கிருந்து வந்தது என்பதற்கு ரசீது கேட்டு வாங்குங்கள். அடித்தளத்துக்குச் செயற்கைப் பாறை, 35 முதல் 40 கிலோ போதும். மீனில் கோமாளி மீனை, கடலில் பிடித்ததாக இல்லாமல் குஞ்சு பொரிப்பகத்தில் வளர்ந்ததாகப் பார்த்து வாங்கலாம். இராமேஸ்வரம் அருகே மண்டபம் ஊரில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையம் இதை இனப்பெருக்கம் செய்யும் முறையை நெடுநாளாகவே கையாண்டு வருகிறது.

இந்த முடிவை முதலிலேயே எடுத்துவிட்டால் பணமும் மிச்சமாகும். மென்பவளங்களுக்கு ஒளி 50 முதல் 150 பார் (பவளத்துக்குப் பயன்படும் ஒளியின் அளவு) இருந்தால் தாராளம். நீரில் கால்சியம் சேர்க்கும் கால்சியம் ரியாக்டர் தேவையே இல்லை. கடினப் பவளத்துக்கென்று செய்த விளக்கை வாங்கி முழு அளவில் எரியவிட்டு, ஒரே வாரத்தில் மஷ்ரூமைச் சுருங்கவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. 30 சதவீதத்தில் தொடங்கி நான்கு வாரத்தில் ஏற்றுங்கள். நாளுக்கு 8, 9 மணி நேரம் போதும்.

ஒரு எச்சரிக்கை. சொஆந்திட்கள் சிலவற்றில், குறிப்பாக பாலிதோவா என்ற வகையில், பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. பாறையில் ஒட்டியதை அழிக்க வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைப்பது, வெளியே எடுத்து பிரஷ்ஷால் தேய்ப்பது இரண்டையும் செய்யவே கூடாது. நீராவியோடு கலந்த நஞ்சு மூச்சில் போய்க் குடும்பமே ஆஸ்பத்திரியில் சேர்ந்த சம்பவங்கள் வெளிநாடுகளில் நடந்திருக்கின்றன. இவற்றை வெட்டும்போது கையுறையும் கண் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம்.

எடை

கண்ணாடித் தடிமனும் மேலே விடும் மூன்று செ.மீ. இடைவெளியும் போக, இந்தத் தொட்டி சுமார் 560 லிட்டர் பிடிக்கும். 15 மி.மீ. கண்ணாடியே 150 கிலோ வரும். உப்புநீர், பாறை, மணல், ஸ்டாண்ட், கீழே சம்ப் எல்லாம் சேர்ந்தால் ஏறத்தாழ ஒரு டன். அது நிற்கும் தரை ஒரு சதுர மீட்டரைவிடக் கொஞ்சம்தான் அதிகம். வீட்டு அறைகளுக்கு ஐஎஸ் 875 என்ற இந்தியக் கட்டடத் தர விதி சொல்லும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோ. அந்தக் கணக்கு அறை முழுவதற்கும் பரவலாகப் போட்டது என்பதால் மாடியில் வைக்கவே கூடாது என்றில்லை. சுவரை ஒட்டி, பீமின் மேல் நீளவாக்கில் வந்தால் நிலைமை வேறு. ஸ்லாபின் நடுவில் வந்தால் வேறு. மாடி வீடு என்றால் வரைபடத்தோடு ஒரு ஸ்ட்ரக்சரல் இன்ஜினியரிடம் காட்டிவிடுங்கள். மேஸ்திரி "தாங்கும் சார்" என்பதை நம்பி இறங்க வேண்டாம்.

உயரத்தை இரண்டரை அடியாக்கும் ஆசையும் வேண்டாம். கை அடிவரை எட்டாது. கூடுதல் இடம் இருந்தால் அதை அகலத்தில் போடுங்கள். ஸ்டாண்டுக்கு இரும்பு என்றால் எபாக்சி பூசியது, பலகை என்றால் ஐஎஸ் 710 மரைன் பிளைவுட். சுவருக்கும் தொட்டிக்கும் நடுவே 15 செ.மீ. விடாவிட்டால் பின்னால் பைப்பில் கசிவு வரும் நாளில் கையை விட வழியிருக்காது.

கரண்ட் போகும் நொடியில் சம்ப்

வரவேற்பறைத் தரையை நனைக்கும் தவறு இது. கணக்கு எளிது, ஆனாலும் கிட்டத்தட்ட யாரும் போடுவதில்லை. தொட்டியில் ஒரு செ.மீ. உயரத் தண்ணீர் 10 லிட்டர். கீழே 120×45×40 செ.மீ. சம்பில் ஒரு செ.மீ. உயரம் 5 லிட்டர் சொச்சம். அதாவது மேலே ஒரு செ.மீ. இறங்கினால் கீழே இரண்டு செ.மீ. ஏறும்.

கரண்ட் போனதும், சம்பிலிருந்து நீரை மேலே ஏற்றும் ரிடர்ன் பம்ப் நிற்கும். மேலே தண்ணீரை விடும் குழாயின் வாய் நீருக்குள் இருந்தால், அது அப்படியே சைஃபனாக மாறித் தண்ணீரைக் கீழே இழுக்கும். வாய் 10 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 100 லிட்டர் இறங்கும். தொட்டி நீர் வழிந்து இறங்கும் ஓவர்ஃப்ளோ பெட்டியிலும் பைப்பிலும் நிற்கும் ஏழெட்டு லிட்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சம்ப் 22 செ.மீ. மட்டத்தில் ஓடுகிறது என்றால் மேலே மிச்சம் 18 செ.மீ., சுமார் 95 லிட்டர். மீதி டைல்ஸில்.

குழாயின் வாயை நீர்மட்டத்துக்கு ஒன்றிரண்டு செ.மீ. கீழே மட்டும் வையுங்கள். நீரை ஒரே திசையில் விடும் செக் வால்வு போட்டுவிட்டால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். ஆறு மாதத்தில் சுண்ணாம்புப் படிவோ ஒரு குட்டி நத்தையோ போதும், அது முழுதாக மூடாது. இறங்கும் குழாய் குறைந்தது இரண்டு வேண்டும்: ஒன்று முழு நீரோட்டத்தில் கேட் வால்வோடு, இன்னொன்று அவசரத்துக்குக் காலியாக. பால் (ball) வால்வில் நுணுக்கமாகச் சரிசெய்ய முடியாது. கால் திருப்பிலேயே முழுதாகத் திறந்து மூடிவிடும். பெட்டியில் "6000 லிட்டர்" என்று போட்ட பம்ப், ஒன்றரை மீட்டர் ஏறி நாலு எல்போ தாண்டும்போது அதில் பாதியளவுதான் தரும். நமக்கு 2500, 3000 லிட்டர் வந்தால் போதும். பவளங்களுக்கு வேண்டிய நீரோட்டத்தை வேவ்மேக்கர் பார்த்துக்கொள்ளும்.

வெப்பம்

நீரில் மூழ்கியிருக்கும் பம்ப் இழுக்கும் ஒவ்வொரு வாட்டும் கடைசியில் தண்ணீரைத்தான் சூடாக்குகிறது. ரிடர்ன், கழிவை நுரையாக்கி எடுக்கும் ஸ்கிம்மர், இரண்டு வேவ்மேக்கர் சேர்த்து 160 வாட் என்று வைத்தால் நாளுக்கு 3.8 யூனிட். மொத்த நீர் 650 லிட்டரை ஒரு டிகிரி ஏற்ற முக்கால் யூனிட் போதும். வெப்பம் வெளியே போக வழியே இல்லை என்றால் இந்த பம்புகள் மட்டுமே நாளுக்கு ஐந்து டிகிரி ஏற்றிவிடும். அதோடு மே மாத அறை 35 டிகிரி. நமக்கு வேண்டியது 25, 26. முப்பதைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பவளம் தன்னுள் வாழும் பாசியை வெளியேற்றி வெளுத்துவிடும். மன்னார் வளைகுடாவில் கடலிலேயே 2010லும் 2016லும் நடந்தது இதுதான்.

மேலே ஃபேன் போட்டால் போதுமே என்பார்கள். ஒரு லிட்டர் ஆவியானால் 0.67 யூனிட் வெப்பத்தை எடுத்துப் போகும் என்பது உண்மை. ஆனால் காற்றிலேயே ஈரம் நிறைந்த சென்னையில் ஆவியாதல் மந்தம். கோயம்புத்தூரில் ஓரளவு கைகொடுக்கும். இங்கே சில்லர் தவிர வழியில்லை, அரை எச்பி அளவில். தயாரிப்பாளரின் அட்டவணையில் உள்ள லிட்டர் கணக்கு எந்த அறை வெப்பத்துக்குப் போட்டது என்று பார்த்து வாங்குங்கள். நீர் தொடும் சுருள் டைட்டானியமாக இருக்க வேண்டும். செம்பு என்றால் முதுகெலும்பில்லாத உயிர் எதுவும் மிஞ்சாது.

சில்லரை ஸ்டாண்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்துவதுதான் பெரும் தவறு. அது வெளியே தள்ளும் சூட்டைத் தானே திரும்ப இழுத்து, நாள் முழுக்க ஓடியும் குளிராது. நாலு பக்கமும் 30 செ.மீ. இடம் வேண்டும். முடிந்தால் பைப்பை நீட்டி பால்கனியிலோ பயன்பாட்டு அறையிலோ நிழலில் வையுங்கள். ஏசி அறைக்குள்ளேயே வைத்தால் அதே சூட்டை வெளியேற்ற ஏசிக்கும் சேர்த்துக் கரண்ட் பில் கட்டுவீர்கள்.

பில்லைப் பற்றிச் சொன்னால்: பம்புகளுக்கு மாதம் 115 யூனிட், 250 வாட் விளக்குக்கு 65 சொச்சம், சில்லர் 500 வாட்டில் நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் 150. இரண்டு மாத பில்லில் 660 யூனிட் கூடும். வீட்டின் மற்ற செலவோடு சேர்ந்து எந்த ஸ்லாபில் போய் நிற்கிறது என்று தொட்டி வாங்கும் முன்பே பாருங்கள்.

தண்ணீர்: சமையலறை ஆர்ஓ உதவாது

வீட்டில்தான் ஆர்ஓ இருக்கிறதே என்று அதில் பிடித்து ஊற்றுவார்கள். நம் வீட்டு ஆர்ஓவில் ருசிக்காக டிடிஎஸ் (நீரில் கரைந்த உப்புகளின் அளவு) கன்ட்ரோலர் ஒன்று இருக்கும். வடிகட்டாத நீரைக் கொஞ்சம் திரும்பக் கலந்துவிடுவதுதான் அதன் வேலை. இப்போது வரும் பல மாடல்களில் உடம்புக்கு நல்லது என்று செம்புக் கார்ட்ரிட்ஜும் உண்டு. நமக்கு நல்லது, பவளத்துக்கும் இறாலுக்கும் நஞ்சு.

வேண்டியது தனி ஆர்ஓடிஐ: செடிமென்ட், கார்பன், மெம்ப்ரேன், கடைசியில் மிச்ச உப்புகளைப் பிடிக்கும் டிஐ ரெசின். மீட்டரில் டிடிஎஸ் பூஜ்யம் காட்ட வேண்டும். போர் தண்ணீர் 1200 டிடிஎஸ் என்றால், 95 சதவீதம் பிடிக்கும் மெம்ப்ரேனைத் தாண்டியும் 60 வரும். ரெசின் சீக்கிரமே தீர்ந்துபோகும். அந்த மாதிரி இடத்தில் இரண்டு மெம்ப்ரேனைத் தொடராகப் போடுவது ரெசின் செலவைவிட மலிவு. ஒரு லிட்டருக்கு மூன்று லிட்டர் கழிவு என்று வைத்தால் முதல் முறை நிரப்பவே 2000 லிட்டர் வெளியேறும். அதைத் துணிக்கும் கழிப்பறைக்கும் திருப்பும் வழியை முன்பே செய்துகொள்ளுங்கள்.

கல்லுப்பு கரைத்து ஊற்றக் கூடாது. பட்டினப்பாக்கம் கடற்கரையில் குடத்தில் பிடித்து வருவதும் கூடாது. கரையோர நீரில் சாக்கடை கலக்கிறது, மழைக்காலத்தில் உப்பும் குறையும். ரீஃப் உப்பு லிட்டருக்கு 36 கிராம் வீதம் 24 கிலோ ஆகும். உப்பளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் நீரில் வைத்துப் பூஜ்யம் பார்த்தால் போதாது. 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) அளவுத் திரவத்தில் சரிபாருங்கள்.

ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு அப்படியே நிற்கும். அதனால் குறைந்த அளவுக்கு உப்பில்லாத நீரைத் தானே நிரப்பும் ஆட்டோ டாப்அப் தேவை. ஆனால் அதை 100 லிட்டர் டிரம்மோடு இணைத்து, மிதவை ஒருநாள் சிக்கிக்கொண்டால் உப்பளவு 35லிருந்து 30க்கு இறங்கிவிடும். 25 லிட்டர் கேன் என்றால் 33.7. நாலைந்து நாளைக்கு ஒருமுறை நிரப்புவது தொல்லைதான், ஆனாலும் சின்ன கேனே மேல்.

கரண்ட் இல்லாத இரண்டு நாள்

2016 டிசம்பரில் வர்தா அடித்தபோது சென்னையில் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் முதலில் தீர்வது ஆக்சிஜன், வெப்பம் அதற்கு அடுத்துதான். எனவே இன்வெர்ட்டரில் சில்லரையோ விளக்கையோ மாட்டாதீர்கள். ஒரு வேவ்மேக்கர் மட்டும், மேற்பரப்பைக் கலக்கும்படி திருப்பி. 40 வாட் என்றால் 150 ஏஎச் பேட்டரி ஒரு நாள் தாங்கும், வீட்டின் ஃபேனும் லைட்டும் அதே பேட்டரியைக் காலி செய்யாமல் இருந்தால். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஏசி (மாறுமின்னோட்ட) பம்புகள் உறுமிச் சூடாகும். சைன் வேவ் வாங்குங்கள். தொட்டிக்கென்று தனியாக, மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி போட்டு, ஒவ்வொரு வயரும் பிளக்குக்குக் கீழே ஒருமுறை தொங்கி மேலேறும்படி விடுங்கள். இல்லையென்றால் வயர் வழியே வழியும் உப்புநீர் நேராக சாக்கெட்டுக்குள் போகும்.

சின்னச் சின்னவை

சம்பில் ஸ்கிம்மர் நிற்கும் தடுப்பறையில் நீர்மட்டம் மாறாமல் இருக்க வேண்டும். ஆவியாகும் நீர் குறைவது ரிடர்ன் அறையில்தான் தெரிய வேண்டும். கதவு மூடிய ஏசி அறையில் பிஎச் 7.8ஐத் தாண்டவில்லை என்றால் மருந்து ஊற்ற ஓடாதீர்கள். நம் மூச்சிலிருந்து சேரும் கரியமிலவாயுதான் காரணம்; ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை ஜன்னலுக்கு வெளியே நீட்டினால் ஏறும். புதிய மீனைத் தனித் தொட்டியில் நான்கு முதல் ஆறு வாரம் வைக்காமல் சேர்த்து, வெள்ளைப்புள்ளி நோய் வந்ததும் பெரிய தொட்டியில் செம்பு மருந்தை ஊற்றினால், அந்தச் செம்பு பாறையில் ஏறிக்கொள்ளும். அதன்பின் அந்தப் பாறையை நம்பிப் பவளம் வைக்க முடியாது.

உப்பு போடும் முன் ஒரு வாரம் வெறும் நீரில் ஓட்டுங்கள். எல்லா பம்பும் ஓடும்போது சம்பின் கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். மெயினை அணைத்து, தண்ணீர் எதுவரை ஏறி நிற்கிறது என்று பார்த்து இரண்டாவது கோடு. திரும்பப் போட்டு, இறங்கும் குழாய்கள் சத்தமில்லாமல் பழைய மட்டத்துக்கு வருகின்றனவா என்று கவனியுங்கள். இதை மூன்று முறையாவது செய்யுங்கள், ஒருமுறை செக் வால்வைக் கழற்றிவிட்டு. இரண்டாவது கோடு சம்பின் விளிம்புக்கு ஐந்து செ.மீ.க்குள் வந்தால் முதல் கோட்டை இறக்க வேண்டும். அதன் பிறகு உப்பு, பாறை, கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா பெருகி அமோனியா ஏறி இறங்க நான்கு முதல் ஆறு வாரம். மீன் அதற்கும் அப்புறம்.