அரிசி டின்னுக்குப் பின்னால் ஒரு ஃபிளாஸ்க்: புற்றுநோயோடு பிள்ளை வளர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் வீட்டு அடுக்களையில் அரிசி டின்னுக்குப் பின்னால் மூன்று வாரம் ஒரு ஃபிளாஸ்க் இருந்தது. மதினி உசிலம்பட்டியிலிருந்து சீந்தில் கொடி வாங்கிவந்து, இன்னும் என்னென்னவோ சேர்த்துக் கொதிக்கவைத்துத் தந்த கஷாயம். "டாக்டர்ட்ட சொல்லிராத, அவுகளுக்கு இதெல்லாம் பிடிக்காது" என்று சொல்லித்தான் கொடுத்தார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் அரை டம்ளர் குடிப்பேன்.

மூன்றாவது கீமோவுக்கு முந்தின நாள் ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் என்சைம் நாலு மடங்கு ஏறியிருந்தது. "வேற ஏதாவது சாப்பிடுறீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். மறுபடி கேட்டார். மறுபடியும் இல்லை என்றேன். சனிக்கிழமை என்பதால் கூட வந்திருந்த மகள், "அம்மா, அரிசி டின்னுக்குப் பின்னாடி இருக்கே, அது?" என்றாள்.

அன்றைக்கு எனக்கு மார்பகப் புற்றுநோய், இரண்டாம் நிலை. மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு ஐந்து. இருவரிடமும் "அம்மாவுக்கு வயித்துப் புண்" என்றுதான் சொல்லி வைத்திருந்தோம். ஆஸ்பத்திரி வாசலில் ஆளுயரத்துக்கு எழுதியிருக்கும் போர்டை ஐந்தாம் வகுப்புக்காரி வாசிக்கமாட்டாள் என்று எப்படி நம்பினோமோ!

நாலு வருஷம் ஓடிவிட்டது. நான் செய்த தவறுகளையும், கீமோ வார்டில் பக்கத்துப் படுக்கைக்காரர்கள் சொல்லிக் கேட்ட தவறுகளையும் இப்போது நினைத்துப் பார்த்தால், முக்கால்வாசி மறைத்ததால் வந்தவை. டாக்டரிடம் மறைத்தது, பிள்ளைகளிடம் மறைத்தது.

"மூலிகைதானே, என்ன செஞ்சிரும்?"

எங்கள் தெருக்கோடியில் சும்மா பூத்துக் கிடக்கும் சுடுகாட்டு மல்லி, அதாவது நித்திய கல்யாணி. அதன் இலையிலிருந்து பிரித்தெடுத்ததுதான் வின்கிறிஸ்டின், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றைக்கும் போடுகிற கீமோ மருந்து. ஒரு தடவைக்கு 2 மில்லிகிராமைப் பெரும்பாலும் தாண்டமாட்டார்கள். தாண்டினால் நரம்பைத் தாக்கும். செடிக்குச் சக்தி உண்டு என்பவர்கள் சொல்வது உண்மைதான், ஆனால் பாதிதான். சக்தி உள்ள பொருளுக்கு அளவும் உண்டு, கூடச் சேரக்கூடாத கூட்டாளிகளும் உண்டு. அந்த மறுபாதியை யாரும் சொல்வதில்லை.

சீந்திலையே எடுத்துக்கொள்வோம். கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று ஊரே அதைக் குடித்தது. குடித்தவர்களில் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தார்கள். என் கல்லீரலைக் கெடுத்தது கஷாயமா, கீமோவா? டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இதுதான் இதிலுள்ள பெரிய சிக்கல். இரண்டும் ஒன்றாக உள்ளே போனால் எதை நிறுத்துவது என்று தெரியாது. அதனால் கீமோவைத் தள்ளிப்போடுவார்கள். எனக்கு இரண்டு வாரம் தள்ளிப்போனது. அந்த இரண்டு வாரமும் ராத்திரி தூக்கம் கிடையாது.

மஞ்சளைக் கேட்பீர்கள். குழம்பில் போடுகிற மஞ்சளால் ஒன்றும் ஆகாது. குர்குமின் மாத்திரை வேறு சங்கதி. உடம்பில் நன்றாகச் சேரட்டும் என்று அதில் மிளகுச் சத்தையும் கலக்கிறார்கள். மார்பகப் புற்றுநோய் திரும்பாமலிருக்கத் தரும் டாமாக்சிஃபென் மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தபோது, ரத்தத்தில் அந்த மருந்து வேலை செய்யும் வடிவத்தின் அளவு குறைந்தது என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2019இல் கண்டார்கள். ஐந்து வருஷம், பத்து வருஷம் என்று சாப்பிடுகிற மாத்திரை அது. அதன் காலை வாரிவிடும் இன்னொரு மாத்திரைக்கு நாமே காசு கொடுக்கிறோம்.

முள்சீத்தா இலையைப் பற்றி வாட்ஸாப்பில் வராத வாரம் இல்லை. கரீபியன் தீவான குவாதலூப்பில் அந்தப் பழத்தையும் இலைத் தேநீரையும் வழக்கமாக எடுத்துக்கொண்டவர்களிடம் பார்க்கின்சன் போன்ற நரம்புக் கோளாறு அதிகம் தெரிந்ததை 1990களின் கடைசியிலேயே எழுதிவிட்டார்கள். வாட்ஸாப்பில் அந்தப் பகுதி வராது. ஆப்ரிகாட் பழக் கொட்டையின் பருப்பில் எடுத்த 'பி17 வைட்டமின்' என்று ஒன்று வரும். அது வைட்டமினே இல்லை. உடம்புக்குள் போய்ச் சயனைடு ஆகும். அமெரிக்காவில் 178 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்துப் பலன் இல்லை என்று 1982லேயே முடித்துவிட்டார்கள்.

சித்த மருத்துவத்தை நான் தள்ளிவைக்கச் சொல்லவில்லை. என் மாமியாரின் மூட்டுவலிக்கு அதுதான். ஆனால் பற்பம், செந்தூரம் சிலவற்றில் பாதரசம், பாஷாணம், ஈயம் உண்டு. கீமோ ஓடிக்கொண்டிருக்கும்போது சிறுநீரகத்துக்கு அது கூடுதல் சுமை. படித்துப் பதிவு செய்த சித்த மருத்துவரிடம் போங்கள், பாட்டிலில் பெயர் ஒட்டித் தரச் சொல்லுங்கள், இரண்டு மருத்துவருக்கும் மற்றவரைத் தெரியட்டும். பெயர் எழுதித் தரமாட்டேன் என்பவரிடம் வாங்காதீர்கள். "கேன்சரை ஒரே மாதத்தில் கரைக்கிறேன்" என்று பேனர் கட்டுபவரிடம் போகவே வேண்டாம். புற்றுநோயைக் குணமாக்குவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதே இந்தியாவில் 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, ஊசியை நிறுத்திவிட்டு மாற்று மருத்துவம் மட்டும் என்று போவது. யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பரவாத நிலையில் இருந்தும் மாற்று மருத்துவம் மட்டுமே எடுத்த 281 பேரை, வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களோடு ஒப்பிட்டு 2018இல் வெளியிட்டார்கள். இறக்கும் வாய்ப்பு இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் ஐந்து மடங்குக்கும் மேல். ஐந்து வயதுப் பிள்ளை வைத்திருப்பவளுக்கு அந்த எண்ணை வாசிக்க வயிற்றைப் பிசையும்.

"பிள்ளைகளுக்குத் தெரிய வேணாம்"

ஃபிளாஸ்க் வெளியே வந்த அன்று ராத்திரியே பெயரைச் சொல்லிவிட்டோம். கேன்சர். அம்மா மார்பில் ஒரு கட்டி, அதைக் கரைக்கத்தான் ஊசி, ஊசியால் முடி கொட்டும், திரும்ப வளரும். அவ்வளவுதான் சொன்னோம். மகள் ஒரு சத்தமும் போடாமல் தலையணையை என் பக்கம் நகர்த்திக்கொண்டாள். மகன் அப்போது ஒன்றும் கேட்கவில்லை. நாலு நாள் கழித்து ஷூ மாட்டிவிடும்போது குனிந்தபடியே கேட்டான்: "நான் தூக்கத்துல உதைச்சேன்ல, அதனாலயாம்மா?"

ஒரே பாயில் படுக்கும்போது நெஞ்சில் உதைப்பான். "பாத்துப் படுடா" என்று நானே அதட்டியிருக்கிறேன். எத்தனை நாளாக அதை மனசில் வைத்திருந்தானோ! சின்னப் பிள்ளைகள் இப்படித்தான், எதையும் தன்னோடு முடிச்சுப் போட்டுக்கொள்ளும். அதனால் நோயின் பெயரைச் சொல்வதோடு நிறுத்தாமல், அவர்கள் கேட்காமலே மூன்று விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்: உன்னால் வரவில்லை, உனக்கு ஒட்டாது, உன்னைப் பார்த்துக்கொள்ள இன்னின்னார் இருக்கிறார்கள். "சத்தியமா அம்மாவுக்கு ஒண்ணும் ஆகாது" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். "டாக்டரும் அம்மாவும் முடிஞ்சதெல்லாம் செய்றோம், புதுசா எது தெரிஞ்சாலும் ஒன்கிட்ட சொல்வேன்" என்பதைக் காப்பாற்ற முடியும்.

முடி விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊரில் மொட்டைத் தலையைப் பார்த்தால் அடுத்த கேள்வி "எந்தக் கோயில்?" மளிகைக்கடை அண்ணாச்சியும் கேட்டார். வாய் தானாகப் "பழனி" என்றது. பக்கத்தில் நின்ற என் மகன், "இல்ல மாமா, அம்மாவுக்குக் கேன்சர், கீமோ போட்டாங்க" என்றான், கணக்கு விடை சொல்வது மாதிரி. அண்ணாச்சி ஒரு கடலை மிட்டாயை அவன் கையில் வைத்துவிட்டுப் பேசாமல் நிறுக்கப் போனார்.

பெரிய பிள்ளையிடம் வேறு தவறு நடக்கும். பத்து வயதுப் பெண் தோசை வார்க்கிறாள், தம்பியைக் குளிப்பாட்டுகிறாள், மாத்திரையை எடுத்துக் கொடுக்கிறாள் என்று வருகிறவர்கள் எல்லாம் புகழ்ந்தார்கள். நானும் பூரித்தேன். அவள் இரண்டு மாதமாக விளையாடப் போகவே இல்லை என்பதை வகுப்பு ஆசிரியைதான் போன் செய்து சொன்னார். பள்ளிக்கூடத்தில் ஒரு ஆசிரியருக்காவது விஷயம் தெரிந்திருப்பது இதற்குத்தான். உதவி என்றால் ஒரு வேலை, அதற்கொரு நேரம். மிச்சத்துக்குச் சித்தி, பெரியம்மாவைக் கூப்பிடுங்கள். கூப்பிட்டால் வருவார்கள்.

தொடாதே, கிட்டப் போகாதே

"கரண்ட் வைக்கிற" நாட்களில் மாமியார் பிள்ளைகளை என் அறைக்கு விடமாட்டார். கதிர் பிள்ளைகள் மேல் பட்டுவிடுமாம். வெளியிலிருந்து இயந்திரத்தில் கொடுக்கும் கதிர்வீச்சு உடம்பில் தங்குவதில்லை; மேசையை விட்டு இறங்கியதும் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளலாம். தைராய்டு புற்றுநோய்க்குக் குடிக்கத் தரும் கதிரியக்க அயோடின் மட்டும் வேறு கதை. அதில் சில நாள் பிள்ளைகளிடமிருந்து விலகித்தான் இருக்க வேண்டும், எத்தனை நாள் என்பதை ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்புவார்கள்.

கீமோவுக்கும் கட்டிப்பிடிப்பதற்கும் பகை இல்லை. ஆனால் முதல் 48 மணி நேரம் சிறுநீர், வாந்தி ஆகியவற்றில் மருந்து இருக்கும். கழிப்பறை மூடியைப் போட்டு இரண்டு தடவை தண்ணீர் விடுவது, அழுக்குத் துணியைத் தனியாகத் துவைப்பது போதும். 'சிவப்பு மருந்து' போட்டால் ஓரிரு நாள் சிறுநீரும் சிவப்பாகப் போகும். இதை முன்கூட்டியே சொல்லாததால் என் மகன் "அம்மாவுக்கு ரத்தம் போகுது" என்று தெருவுக்கே ஓடிவிட்டான்.

பயப்பட வேண்டியதற்குப் பயப்படாமல் இருப்பது இன்னொரு தவறு. ஊசி போட்ட ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரை வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்குப் போகும். அப்போது காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் அவசர சிகிச்சைக்குப் போயாக வேண்டும், மணி ராத்திரி இரண்டு ஆனாலும். "பிள்ளைகள் தூங்குதுக, பாராசிட்டமால் போட்டுட்டுக் காலைல பாப்போம்" என்று நினைக்காத தாய் இல்லை. மாத்திரை காய்ச்சலைத்தான் மறைக்கும், கிருமி உள்ளே வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். ராத்திரியில் பிள்ளைகளோடு வந்து படுக்க யார், வண்டி யாருடையது என்பதை முதல் ஊசிக்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு மாடி வீட்டு அக்கா.

அம்மையையும் இங்கே சொல்ல வேண்டும். வீட்டில் பிள்ளைக்குச் சின்னம்மை வந்தால் "அம்மா வந்திருக்கா" என்று வேப்பிலை கட்டி, ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் இருப்பது நம் வழக்கம். கட்டுங்கள், வேண்டிக்கொள்ளுங்கள். கூடவே கீமோவில் இருக்கும் ஆள் அன்றைக்கே தன் டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும். அவருக்கு அது நுரையீரல் வரை போகலாம். தொற்று பட்ட சில நாட்களுக்குள் கொடுக்கும் தடுப்பு மருந்துக்குத்தான் பலன் அதிகம். கைக்குழந்தைக்குப் போலியோ சொட்டு மருந்து நாள் வந்தாலும் குழந்தை டாக்டரிடம் உங்கள் நோயைச் சொல்லுங்கள். சொட்டு மருந்தில் உள்ள கிருமி மலத்தில் வெளியேறும் என்பதால் ஊசி வடிவத்தைச் சொல்லலாம். நீங்களாகத் தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

சாப்பாடும் நடையும்

சர்க்கரையை நிறுத்தினால் கட்டி பட்டினியில் சாகும் என்று சோற்றையும் நிறுத்துபவர்கள் உண்டு. பட்டினியில் கரைவது நம் சதை. எடை குறைந்தால் மருந்தைத் தாங்க முடியாது. முட்டை, பருப்பு, மீன், தயிர், எது இறங்குகிறதோ அது. வெள்ளணு குறைந்த நாட்களில் மட்டும் பூங்கா வாசலில் விற்கும் பச்சை அருகம்புல் சாறும், ரோட்டோரக் கரும்புச் சாறும் வேண்டாம். பச்சையாக அரைத்ததில் கிருமிக்குப் பஞ்சமில்லை.

உங்கள் பயத்தைப் பிள்ளை தட்டில் பரிமாறாதீர்கள். "சீனி தின்னா கேன்சர் வரும்" என்று நான் ஒருநாள் சொல்லிவிட்டேன். வகுப்புத் தோழியின் பிறந்தநாள் கேக்கை என் மகள் கைக்குட்டையில் சுற்றி அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து குப்பையில் போட்டாள்.

படுத்தே கிடப்பதும் தவறுதான். சிகிச்சை நடக்கும்போதே நடையும் லேசான பளுப் பயிற்சியும் வேண்டும் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2022இல் வழிகாட்டுதலே கொடுத்திருக்கிறது. மகனைப் பள்ளிக்கூடம் வரை நடந்து விடுவதுதான் என் பயிற்சி, போக வர அரை மணி நேரம். முடியாத நாளில் தெருமுனை வரை. யோகா, மூச்சுப் பயிற்சி, குமட்டலுக்கு இஞ்சி எல்லாம் மாற்று மருத்துவம் என்ற பெயரில் வருபவைதான். சிகிச்சையோடு சேர்ந்து நடக்கக்கூடியவை இவை. இவற்றையும் டாக்டரிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள்.

ஃபிளாஸ்க் சம்பவத்துக்குப் பிறகு மகள் பழைய ரஃப் நோட்டு ஒன்றை என் ஃபைலில் செருகினாள். மேலே "அம்மா சாப்பிடுவது" என்று தலைப்பு. மாத்திரைப் பெயர்கள், இஞ்சிச் சாறு, பக்கத்து வீட்டுக் கருஞ்சீரகப் பொடி (நிறுத்தியாச்சு), பாட்டி வாயில் போட்ட விபூதி, ஐஸ் குச்சி 2. அடுத்த தடவை டாக்டர் அதை ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தார். விபூதியில் நின்றார். "இது நெத்தியில மட்டும் போதும்னு பாட்டிகிட்ட சொல்லு" என்று மகளிடமே நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். அவள் பேனாவை எடுத்து அந்த வரிக்குப் பக்கத்தில் 'நெத்தி' என்று எழுதிக்கொண்டாள்.