வெர்டியின் தொடக்கக் கால ஓபராக்களைக் கேட்கத் தொடங்குவது எப்படி?

பத்தொன்பதாம் நூற்றாண்டு இத்தாலிய இசையமைப்பாளர் ஜுசெப்பே வெர்டியின் ஓபராக்களை (பாடியே நடிக்கப்படும் இசை நாடகங்களை) அவை எழுதப்பட்ட வரிசையில் கேட்க முனைபவர்கள் பெரும்பாலும் இரண்டாவது ஓபராவிலேயே சோர்ந்துவிடுவார்கள். ஆகவே, மூன்றாவதாக வந்த 'நபுக்கோ'விலிருந்து தொடங்குவதே நல்லது.

முதற்படியாக, அது பிறந்த சூழலைச் சற்றே அறிந்துகொள்ளுங்கள். 1832இல் மிலான் இசைக்கல்லூரி வெர்டியைச் சேர்த்துக்கொள்ள மறுத்ததால், அவர் வின்சென்சோ லவீஞாவிடம் தனியாகப் பயின்றார். 1839 நவம்பரில் மிலானின் லா ஸ்காலா ஓபரா அரங்கில் மேடையேறிய அவரது முதல் ஓபரா 'ஓபெர்தோ' ஓரளவு வரவேற்பைப் பெற்றது. ஆனால் இரண்டு குழந்தைகளையும் மனைவி மார்கரீத்தாவையும் அடுத்தடுத்து இழந்திருந்த நிலையில் அவர் எழுதி முடித்த நகைச்சுவை ஓபரா, 1840 செப்டம்பரில் ஒரே ஒரு நாள் மட்டுமே நடந்தது. இனி இசையமைப்பதில்லை என்றிருந்தவரை இம்ப்ரெசாரியோ (ஓபரா நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்பவர்) மெரெல்லி மீண்டும் இழுத்துவந்ததன் விளைவே 1842 மார்ச் 9இல் அரங்கேறிய 'நபுக்கோ'.

இரண்டாம் படி, மூன்றாம் பாகத்தில் வரும் 'வா, பென்சியேரோ' என்ற சேர்ந்திசை. பாபிலோனில் சிறைப்பட்ட யூதர்கள் யூப்ரடீஸ் ஆற்றங்கரையில் தாய்நாட்டை நினைத்துப் பாடுகிறார்கள். பல குரல்கள் பெரும்பாலும் ஒரே மெட்டையே பாடுவதால் முதல் முறையிலேயே மனத்தில் பதிந்துவிடும். (அரங்கேற்ற நாளில் இதைத்தான் மீண்டும் பாடச் சொன்னார்கள் என்ற கதை பரவலானது; ஆனால் உண்மையில் திரும்பப் பாடப்பட்டது இறுதியில் வரும் வேறொரு சேர்ந்திசை.)

மூன்றாம் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில், பாபிலோன் மன்னன் நபுக்கோவின் மகளாகக் கருதப்படும் அபிகாயில் பாடும் காட்சியைக் கையில் பாடல்வரிகளுடன் கேளுங்கள். தான் அடிமைகளின் மகள் என்பதைக் காட்டும் ஓலையைக் கண்டு கொதிப்பவள், ஒரு காலத்தில் தன் மனமும் அன்புக்குத் திறந்திருந்ததை எண்ணி மெதுவாகப் பாடுகிறாள், இதுவே கான்டாபிலே. பாகால் தெய்வத்தின் தலைமைக் குரு வந்து அரியணையைக் கைப்பற்றத் தூண்டுகிறார். அந்தச் செய்தி அவள் மனநிலையைப் புரட்டிப்போட, விரைவான, ஆவேசமான கபலெத்தா தொடங்குகிறது. மெதுவான பாட்டு, குறுக்கிடும் செய்தி, வேகப்பாட்டு என்ற இந்த அமைப்பு அக்கால இத்தாலிய ஓபரா அனைத்துக்கும் பொதுவானது. இது காதுக்குப் பிடிபட்டுவிட்டால் வெர்டியின் முதல் பத்தாண்டுப் படைப்புகளில் வழி தவற மாட்டீர்கள்.

அடுத்து, விக்தோர் ஹ்யூகோவின் நாடகத்தைத் தழுவி 1844இல் வெனிஸில் அரங்கேறிய 'எர்னானி'யில், கதாநாயகி எல்விரா முதலில் பாடும் காட்சியில் இதே அமைப்பைத் தேடிப் பாருங்கள். அவள் மனத்தில் புரட்டல் எதுவும் நிகழாததால் வேகப்பாட்டு இங்கு வெறும் மரபாகவே வருகிறது என்பது என் கருத்து.

இறுதிப் படி, 1847இல் புளோரன்ஸில் அரங்கேறிய 'மெக்பெத்'. தூக்கத்தில் நடந்தபடி கையிலுள்ள இரத்தக் கறையைத் தேடும் மெக்பெத் சீமாட்டியின் (மெக்பெத்தின் மனைவி) காட்சியில் கபலெத்தாவே கிடையாது. நாடகத்துக்குத் தேவைப்படாத இடத்தில் மரபை வெர்டி கைவிட்டுவிட்டார். இரண்டாம் அங்கத்தில் அவளுக்கு முதலில் எழுதிய 'த்ரியொன்ஃபாய்' என்ற வேகப்பாட்டையும் 1865இல் பாரிஸுக்காகத் திருத்தியபோது நீக்கி, 'லா லூச்சே லாங்குவே' என்ற இருண்ட பாடலை அங்கே வைத்தார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பெரும்பாலான ஒலிப்பதிவுகள் திருத்திய வடிவத்தையே பின்பற்றுவதால், முன்னதைக் கேட்க 1847 பதிப்பு என்று குறிப்பிட்ட ஒலிப்பதிவைத் தேட வேண்டும்.