ஹாவர்ட்ஸ் ஒன்பதா, பத்தா? வாதத்துக்கு முன் கொப்பியில் குறித்துப் பார்க்கும் முறை

ஹட்டன் டவுனில் ஆர்சனல் ரசிகர்கள் நாலு பேர் ஒரு மேசையில் உட்கார்ந்தால் பேச்சு எப்படியும் ஆர்சனல் வீரர் கை ஹாவர்ட்ஸில் வந்து நிற்கும். "அவன் ஒன்பது இல்ல மச்சான், பத்து" என்பார் ஒருவர். "பத்தும் இல்ல, எட்டு" என்பார் அடுத்தவர். "65 மில்லியன் பவுண் அநியாயம்" என்று மூன்றாமவர் பிளேன்டீயை வைத்துவிட்டு எழும்புவார். ஒன்பது என்றால் முன்னால் நடுவில் நின்று கோல் அடிக்க வேண்டியவர், பத்து அவருக்குப் பின்னால் ஆடுபவர், எட்டு நடுக்கள வீரர். 65 மில்லியன், 2023இல் செல்சியிலிருந்து அவரை வாங்கிய விலை. எல்லோரும் பேசுவது ஞாபகத்திலிருந்துதான். ஞாபகத்தில் கோலும் தவறவிட்ட வாய்ப்பும் மட்டும் தங்கும். மற்ற நேரமெல்லாம் அந்த ஆள் எங்கே நின்றார் என்று கேட்டால் பதில் வராது.

அதைக் குறித்து வைப்பதற்கு நான் பயன்படுத்தும் முறையைக் கீழே தருகிறேன். எந்த முன்கள வீரருக்கும் பொருந்தும். ஓஃப்சைட், 4-3-3 போன்றவற்றை இங்கே விளக்கப் போவதில்லை. உதைபந்தாட்டம் பார்க்கிறவருக்கு அவை தெரிந்தே இருக்கும்.

தேவையான சாமான்

சதுரக் கட்டம் போட்ட கணக்குக் கொப்பி ஒன்று, இரண்டு நிறத்தில் பேனை. அவ்வளவுதான்.

ஃபோன் செயலிகளில் வரும் ஹீட் மேப் போதாதா என்று கேட்பீர்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பந்தைத் தொட்ட இடங்களுக்கு அது நிறம் பூசும், சரி. ஆனால் தொட்டபோது அவர் கோலைப் பார்த்து நின்றாரா, முதுகைக் காட்டி நின்றாரா என்று சொல்லாது. பந்து வராமலே அவர் ஓடிய ஓட்டம் அதில் கிடையாது. முன்கள வீரரின் வேலையில் பாதி அந்த ஓட்டம்தான். கூகுள் ஷீட்ஸ் நல்லது, ஆனால் ஆட்டம் முடிந்த பிறகு. ஆட்டம் நடக்கும்போது ஃபோனில் கட்டம் கட்டமாகத் தட்டிக்கொண்டிருந்தால் தலை நிமிரும்போது கோல் விழுந்திருக்கும்.

எந்த ஆட்டத்தைப் பார்ப்பது

ஹைலைட்ஸ் வேண்டாம். அதில் கோல் முயற்சிகள் மட்டும்தான் இருக்கும், எல்லோரும் ஒன்பதாம் இலக்கம் மாதிரித் தெரிவார்கள். முழு ஆட்டம் மூன்று எடுங்கள்: பலமான அணியோடு ஒன்று, பின்னால் ஒதுங்கி நின்று தடுக்கும் அணியோடு ஒன்று, எதிரணியின் சொந்த மைதானத்தில் ஒன்று.

இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் இலங்கையில் நமக்கு இரவு 7.30. அக்டோபர் கடைசி ஞாயிறு அவர்கள் கடிகாரத்தைப் பின்னால் தள்ளிய பிறகு, மார்ச் கடைசி வரைக்கும் 8.30. சாம்பியன்ஸ் லீக் என்றால் நள்ளிரவு 12.30 அல்லது 1.30. காலையில் பிரட்டுக்கு (தோட்ட வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போகிறவர்கள் அதை மறு ஒளிபரப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். மழையிலும் மிஸ்டிலும் டிஷ் படம் உறைந்து நின்றால் அந்த நிமிடங்களை ஓரத்தில் குறித்துவிடுங்கள்.

மைதானத்தை வரைவது

கொப்பியைப் படுக்கையாகப் பிடித்து ஒரு நீள்சதுரம் போடுங்கள். உங்கள் ஆள் தாக்கும் கோல் டிவியில் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்தில் 'கோல்' என்று எழுதுங்கள். வலப்பக்கம் என்று வைத்துக்கொள்வோம். நீளவாக்கில் ஐந்து பாதைகள் பிரியுங்கள்: இரண்டு ஓரத்திலும் விங், நடுவில் ஒன்று, விங்குக்கும் நடுவுக்கும் இடையில் இரண்டு. பயிற்சியாளர்கள் ஹாஃப் ஸ்பேஸ் என்று சொல்வது இந்த இடைப்பாதையைத்தான். குறுக்கே இரண்டு கோடு. மொத்தம் 15 கட்டம்.

மேல் விளிம்பில் 'இடது', கீழ் விளிம்பில் 'வலது' என்று எழுதுங்கள். இது வீரரின் இடது, வீரரின் வலது. உங்களுடையது அல்ல.

குறிகள் இவ்வளவு போதும். முதுகு கோல் பக்கம் இருக்க பந்தை வாங்கினால் நிரப்பிய புள்ளி. கோலைப் பார்த்தபடி வாங்கினால் வெற்று வட்டம். கோலை நோக்கி அடித்தால் பெருக்கல் குறி. பந்து வந்தாலும் வராவிட்டாலும் தடுப்பாளருக்குப் பின்னால் ஓடினால் அம்பு. தலையால் ஆடினால் 'த'. வாங்கிய பிறகு பந்தை எங்கே கொண்டுபோனார் என்று குறிக்காதீர்கள். அதையும் குறிக்கப் போனால் பத்து நிமிடத்தில் பக்கம் கோழி கிளறிய மாதிரி ஆகிவிடும்.

இடைவேளை: இங்கேதான் கணக்குப் பிழைக்கும்

இரண்டாம் பாதியில் அணிகள் பக்கம் மாறும். இது யாருக்குத்தான் தெரியாது என்பீர்கள். தெரியும், ஆனாலும் கை பழைய பக்கத்திலேயே குறிக்கும்.

முதல் பாதியில் உங்கள் அணி திரையில் வலப்பக்கம் நோக்கித் தாக்குகிறது. அப்போது அவர்களுடைய இடது விங் திரையின் மேல் பக்கம், கமராவுக்குத் தூரத்தில் இருக்கும். இடைவேளைக்குப் பிறகு திரையில் இடப்பக்கம் நோக்கித் தாக்குவார்கள். இப்போது அதே இடது விங் திரையின் கீழ்ப்பக்கம், கமராவுக்குக் கிட்ட. கோல் மாறியது கண்ணுக்குத் தெரியும், அதனால் அதை எல்லோரும் சரியாகத் திருப்புவார்கள். விங் மாறியது உறைக்காது. மேலே நின்றால் இடது என்ற பழக்கத்தில் அப்படியே குறித்துக்கொண்டு போவார்கள்.

விளைவைப் பாருங்கள். ஆட்டம் முழுக்க இடது பக்கமே ஒதுங்கி ஆடிய ஒருவரை இப்படிக் குறித்தால், முதல் பாதிப் புள்ளிகள் இடதில் விழும், இரண்டாம் பாதிப் புள்ளிகள் வலதில் விழும். கடைசியில் கொப்பியைப் பார்த்தால் இரண்டு பக்கமும் சமமாக ஓடியவர் மாதிரித் தெரிவார். "பார்த்தியா, நடு ஆள்தான்" என்று நீங்களும் அடித்துச் சொல்வீர்கள். அந்த நடு ஆள் உங்கள் பேனையில் பிறந்தவர்.

தீர்வு ரொம்பச் சுலபம். இடைவேளை விசில் அடித்ததும் கொப்பியைத் தலைகீழாகச் சுற்றி வையுங்கள். 'கோல்' இப்போது இடப்பக்கம் வரும், 'இடது' என்று எழுதிய விளிம்பு கீழே வரும். திரையும் கொப்பியும் ஒத்துப்போகும். பேனை நிறத்தையும் மாற்றுங்கள், எந்தப் பாதியில் என்ன நடந்தது என்று பிறகு பிரித்துப் பார்க்கலாம். கண்ணாடியில் பார்ப்பது மாதிரி இடவலம் மட்டும் மாற்றி இன்னொரு மைதானம் வரைந்துவிடாதீர்கள். அப்படிச் செய்தால் அதே பிழைதான் திரும்பவும் வரும்.

இதே கொப்பியைத் தோட்டத்து மைதானத்துக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் மைதானங்கள் பலவற்றில் ஒரு பக்கம் தேயிலைச் சரிவு. பந்து போனால் கொழுந்து மலை பாதி இறங்கித்தான் எடுத்து வர வேண்டும். அந்த விங்கில் யாரும் விளையாட மாட்டார்கள். அங்கே ஒருவர் முதல் பாதி முழுக்க வலதிலும் அடுத்த பாதி முழுக்க இடதிலும் ஆடினால் அது அவருடைய இடம் அல்ல, பள்ளத்துக்குப் பயந்த இடம்.

பழகிப் பார்க்க ஒரு கோல்

நேரடி ஆட்டத்துக்கு முன் 2021 மே 29 அன்று போர்ட்டோவில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தின் ஒரே கோலை எடுத்துப் பழகுங்கள். செல்சி 1, மன்செஸ்டர் சிட்டி 0. செல்சி அணிப் பட்டியலில் முன்னால் தனியாக நின்றவர் டிமோ வேர்னர். அப்போது செல்சியில் இருந்த ஹாவர்ட்ஸும் மேசன் மவுண்டும் அவருக்குப் பின்னால். 42ஆவது நிமிடத்தில் மவுண்ட் பந்தைத் தடுப்பாளர்களுக்கு நடுவால் விடுகிறார். வேர்னர் ஒதுங்கி ஓடித் தடுப்பாளரை இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். திறந்த வழியில் ஹாவர்ட்ஸ் ஓடி, சிட்டியின் கோல் காப்பாளர் எடர்சனைத் தாண்டி, கோலுக்குள் தள்ளுகிறார்.

குறித்துப் பாருங்கள். ஒரு அம்பு, ஒரு வெற்று வட்டம், ஒரு பெருக்கல் குறி. எல்லாம் நடுப்பாதையில். பட்டியலில் பத்து, செய்த வேலை ஒன்பது. அதனால்தான் ஆட்டத்துக்கு முன் திரையில் காட்டும் அணி வரைபடத்தை வைத்து யாராவது வாதாடினால் நான் காது கொடுப்பதில்லை.

பக்கத்தில் யார் நின்றார்கள்

ஒவ்வொரு பக்கத்தின் கீழும் மற்ற முன்கள வீரர்களின் பெயரை எழுதுங்கள். 2018 உலகக் கிண்ணத்தில் பிரான்ஸின் முன்கள வீரர் ஒலிவியர் ஜிரூட் ஒரு கோலும் அடிக்கவில்லை, கோலை நோக்கிச் சரியாக ஓர் அடி கூட இல்லை. ஆனாலும் பயிற்சியாளர் டெஷாம்ப்ஸ் அவரை அணியிலிருந்து தூக்கவில்லை. அவர் தடுப்பாளர்களைக் கட்டி வைத்திருக்க, கிரீஸ்மனும் எம்பாப்பேயும் ஆளுக்கு நாலு கோல் அடித்தார்கள், பிரான்ஸ் கிண்ணத்தைத் தூக்கியது. ஜிரூட் பக்கத்தில் பெருக்கல் குறியை மட்டும் எண்ணினால் அவர் எந்த இடத்துக்கும் உதவாதவர்.

பழைய கொள்வனவுகள்: தனிப் பக்கம்

கொப்பியின் பின் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். ஒரு வீரருக்கு ஒரு வரி: வாங்கிய ஆண்டு, விலை, பழைய கழகத்தில் ஆடிய இடம், புதிய கழகம் எந்த இடத்துக்கு வாங்கியது, பெனால்டி கழித்த கோல் கணக்கு.

கடைசிக் கட்டத்தை விட்டுவிடாதீர்கள். 2019இல் ஆர்சனல் நிக்கோலா பெப்பேயை 72 மில்லியன் பவுண் கொடுத்து வாங்கியது. அப்போது அது கழகத்தின் சாதனை விலை. அதற்கு முந்தைய பருவம் லில் அணிக்காக அவர் லீக்கில் அடித்தது 22 கோல். கேட்க நன்றாக இருக்கிறது. அதில் 9 பெனால்டி. கழித்தால் 13. வாங்கும்போதே தெரிந்திருந்த விஷயம் இது, நான்கு வருடம் கழித்துக் கண்டுபிடித்தது அல்ல. ஒரு கொள்வனவை அன்று தெரிந்ததை வைத்துத் திட்டினால்தான் அது நியாயமான திட்டு.

விலையை அந்த வருடத்துச் சந்தையோடு வையுங்கள். 2011 ஜனவரியில் செல்சி முன்கள வீரர் டொரஸுக்குக் கொடுத்த 50 மில்லியன் அன்றைக்கு பிரித்தானியாவின் சாதனை. அதே ஜனவரியில் லிவர்பூல் அன்டி கரோலுக்கு 35 மில்லியனும் சுவாரஸுக்குச் சுமார் 23 மில்லியனும் கொடுத்தது. மூவரில் விலை குறைந்தவர்தான் 2013-14இல் ஒரு பெனால்டி கூட இல்லாமல் லீக்கில் 31 கோல் அடித்தார்.

அப்புறம், அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதாதீர்கள். 1999இல் யுவென்டஸிலிருந்து வந்தபோது தியரி ஹென்றி விங் ஆள். ஆர்சனல் பயிற்சியாளர் வெங்கர் அவரை நடுவுக்குக் கொண்டுவந்தார். முதல் எட்டு ஆட்டத்தில் கோல் இல்லை. பருவம் முடியும்போது லீக்கில் 17, ஆர்சனலில் மொத்தக் கணக்கு 228. 2007இல் பார்சிலோனா போனதும் மறுபடி இடது விங். ஒரே ஆள், இரண்டு இடம், இரண்டும் சரி.

ஹாவர்ட்ஸுக்கும் இதே வரிதான். 2023இல் வந்ததும் இடது நடுக்களத்தில் நிறுத்தினார்கள், மீம் போட்டுத் தீர்த்தோம். 2024 தொடக்கத்திலிருந்து முன்னால் தள்ளினார்கள், அந்தப் பருவம் லீக்கில் 13 கோல். 2025 பெப்ரவரியில் தொடைத் தசை கிழிந்து அவர் விழுந்ததும், நடுக்கள வீரர் மெரினோ மாற்று ஆளாக இறங்கி லெஸ்டருக்கு எதிராக இரண்டு கோல் அடித்தார். அந்தக் கோடையில் முன்னால் ஆட கியோகரெஸ் வந்தார்.

என் தீர்ப்பு கேட்டால்: ஹாவர்ட்ஸ் ஒன்பதுதான், ஆனால் கோலுக்கு முன்னால் உள்ள பொக்ஸுக்குள் (பெனால்டிப் பகுதிக்குள்) காத்து நிற்கும் ஒன்பது அல்ல. அவர் பக்கங்களில் 'த'வும் அம்பும் அதிகம். பக்கத்தில் உள்ளே வெட்டி ஓடும் விங் ஆள் இருந்தால்தான் அவருக்கு மதிப்பு. இதை மறுக்கிறவர் தன் கொப்பியோடு வரட்டும்.

பிறகு சேர்த்தது

தலவாக்கலையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணே, ஃபோன் திரையில இலக்கம் தெரியல, ஆளை எப்படிப் பிடிக்கிறது?" தொடக்க உதையின்போது கிட்டக் காட்டுவார்கள். சப்பாத்து நிறம், காலுறை எவ்வளவு ஏற்றியிருக்கிறார், முடி, இந்த மூன்றையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இலக்கத்தைத் தேடாதீர்கள்.

பதுளையிலிருந்து வந்த கேள்வி இன்னும் நல்லது. பந்து தன் அணியின் கோல் பக்கம் இருக்கும்போது கமரா முன்கள வீரரைக் காட்டுவதே இல்லையே, அப்போது? உண்மை. அந்த நேரங்களுக்கு ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள், ஊகித்துப் புள்ளி வைக்காதீர்கள். நேரில் பார்க்கும் ஆட்டத்தில் இந்தத் தொல்லை இல்லை. பழகுகிறவர்கள் ஹட்டன் டன்பார் மைதானத்தில் ஓர் ஆட்டத்தை மேலே நின்று குறித்துவிட்டு டிவிக்கு வருவது நல்லது.

கடன் ஒப்பந்தத்தில் (இன்னொரு கழகத்திலிருந்து தற்காலிகமாக) வந்தவர்களை எப்படி எழுதுவது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். விலைக் கட்டத்தில் 'கடன்' என்று போட்டு, வாங்கிய ஆட்களோடு சேர்க்காமல் அடியில் தனியாக எழுதுங்கள்.