மார்மன் நண்பர் சபைக்குக் கூப்பிட்டால்

சக ஊழியரோ எதிர்வீட்டுக் குடும்பமோ அழைத்திருந்தால் முதலில் பெயரைச் சரியாகச் சொல்லுங்கள். அமெரிக்காவில் தோன்றிய இந்தக் கிறிஸ்தவப் பிரிவுக்கு "மார்மன்" என்பது ஊரார் வைத்த பெயர். "பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்துவின் சபை" என்றே சொல்லும்படி 2018-இல் அவர்களது அப்போதைய தலைவர் ரசல் நெல்சன் கேட்டுக்கொண்டார். ஆட்களைக் கூப்பிட பிரதர், சிஸ்டர் போதும்.

எந்த ஞாயிறு என்று பாருங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு உபவாசம். இரண்டு வேளை தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள். அன்று வடை, கேசரி கட்டிக்கொண்டு போகாதீர்கள். 1896 வரை இது வியாழக்கிழமை நடந்தது. வேலைக்குப் போகிறவர்களுக்கு இடைஞ்சல் என்று ஞாயிறுக்கு மாற்றினார்கள்.

ஆண்கள் வெள்ளைச் சட்டையும் டையுமாக வருவார்கள். அது அமெரிக்க அலுவலக உடை, வேதத்தில் உள்ள கட்டளை அல்ல. நீங்கள் சேலையில் போகலாம், முழுக்கால் சட்டையில் போகலாம்.

ஆராதனை ஒரு மணி நேரம். அதன் மையம் திருவிருந்து. நம் தமிழ்ச் சபைகளில் பழகியவர்கள் தடுமாறுவதும் இங்கேதான். பீடத்துக்கு எழுந்து போகக் கூடாது. பாட்டு நடக்கும்போதே வாலிபர்கள் ரொட்டியைப் பிட்டு வைப்பார்கள். பிறகு ஒருவர் முழங்காலிட்டு ஜெபத்தைச் சொல்லுக்குச் சொல் வாசிப்பார். ஒரு சொல் பிசகினாலும் பிஷப் (அந்த ஊர்ச் சபையின் தலைவர்) சாடை காட்டுவார், ஜெபம் மறுபடி சொல்லப்படும். யாரையும் திட்டுவதில்லை, அமைதியாக இருங்கள். வாசகம் 1830-ஆம் ஆண்டுக்குரியது, நடை அதைவிடப் பழைய கிங் ஜேம்ஸ் பைபிளுடையது. நம் வேதாகமத்துத் "தேவரீர்" போல, பேச்சில் செத்துப்போய் ஜெபத்தில் மட்டும் உயிரோடிருக்கும் ஆங்கிலம் அது.

தட்டு வரிசையில் கைமாறி வரும். வலக்கையால் ஒரு துண்டு எடுத்து உடனே உண்ணலாம்; எல்லோருக்கும் கிடைக்கட்டும் என்று கையில் வைத்துக் காத்திருக்க வேண்டாம். அடுத்து சின்னக் குவளைகளில் தண்ணீர். காலிக் குவளையைத் தட்டிலேயே வைத்துவிடுங்கள். வேண்டாமென்றால் தட்டை அடுத்தவருக்கு நகர்த்துங்கள், யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள். திராட்சரசம் இல்லாததற்குக் காரணம், என்ன குடிக்கிறோம் என்பது முக்கியமல்ல என்று சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித்துக்கு வந்ததாகச் சொல்லும் 1830 ஆகஸ்டு வெளிப்பாடு. ஆளுக்கொரு குவளையோ இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில், கிருமி பயத்தால், மற்ற புரொட்டஸ்டன்ட் சபைகளைப் பார்த்து வந்தது. காணிக்கைப் பை வராது, தேடாதீர்கள்.

பதிலுக்கு அவர்களை வீட்டுக்கு அழைத்தால் தேத்தாரிக், கோப்பி வேண்டாம். 1833-இல், மதுவிலக்கு இயக்கம் அமெரிக்காவில் சூடுபிடித்த காலத்தில் வந்த கட்டளை "சூடான பானங்கள்" என்கிறது. அதற்குத் தேநீர், காப்பி என்று பொருள் கொண்டார்கள். எனவே ஐஸ் லெமன் டீயும் கூடாது. சுடச்சுட மைலோவும் ரசமும் கூடும். பண்டோங் (ரோஜாப் பாகு சேர்த்த பால்) கலந்து கொடுத்தால் யோசனையே வேண்டாம்.

ஞாயிறு கூடும் சபைக் கட்டடம் வேறு, உறுப்பினர்கள் மட்டும் சிறப்புச் சடங்குகளுக்குப் போகும் ஆலயம் வேறு. ஆலயச் சடங்குகளை விசாரிக்காதீர்கள்; வெளியே பேசுவதில்லை என்று உறுதி கொடுத்திருக்கிறார்கள். வரலாறு மட்டும் தெரிந்திருக்கட்டும்: ஜோசப் ஸ்மித் 1842 மார்ச்சில் இல்லினாய் மாநிலத்து நாவூவில் ஃப்ரீமேசன் (இரகசியச் சடங்குகள் கொண்ட சகோதர சங்கத்தின் உறுப்பினர்) ஆனார், மே 4 அன்று என்டோமென்ட் என்ற ஆலயச் சடங்கை முதன்முதலாக நடத்தினார். கைப்பிடி முறைகளும் மூலைமட்டம், கவராயக் குறிகளும் மேசன்களிடமும் உண்டு. மேசன் பாணியிலான தண்டனைச் சைகைகளை 1990-இல் நீக்கினார்கள். "கடன் வாங்கினீர்களா?" என்று முகத்துக்கு நேரே கேட்பது அழகல்ல. சர்ச்சில் மோதிரத்தோடு தாலியும் கட்டுகிற நமக்கு, வடிவம் ஓரிடத்தில் வாங்கி அர்த்தத்தைத் தாமே ஊற்றிக்கொள்வது புதிதா என்ன?

உள்ளே பார்க்க ஆசையா? புது ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்யுமுன் சில நாட்கள் எல்லோருக்கும் திறந்துவிடுவார்கள். சிங்கப்பூருக்கான ஆலயம் 2021-இல் அறிவிக்கப்பட்டது. பொதுப் பார்வை எப்போது என்று தெரிவிக்கும்படி உங்களை அழைத்த நண்பரிடமே சொல்லி வையுங்கள்.